கிட்டாரின் எஃப் கார்டில் தவிக்கும் மகளுக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரை திருநகரிலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டு வயது மகள் கிட்டார் கற்கிறாள். சி, ஜி, ஏ மைனர் கார்டுகள் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டுகள்) தெளிவாக ஒலிக்கின்றன. எஃப் வந்தால்தான் சிக்கல். ஆள்காட்டி விரலை முதல் ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தின் முதல் கட்டத்தில்) படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்தும்போது இரண்டு கம்பிகள் ஊமையாகிவிடுகின்றன. விரல் வலித்ததும் அழுதுவிடுகிறாள். திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்; பிஞ்சுக் கைக்குப் பலம் ஏற நாள் வேண்டாமா?

சி-யிலிருந்து எஃப்-க்கு மாறுவதை மட்டும் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துத் தினமும் கால் மணி நேரம் பழகுகிறாள். மெல்லிய நான்கு கம்பிகளில் மட்டும் பிடிக்கும் சின்ன எஃப்-ஐ முதலில் பழக்கலாமா? கம்பிகளும் சற்று உயரமாக இருப்பதாகத் தோன்றுகிறது. அந்த உயரத்தைக் குறைத்துத் தருபவர் டவுன்ஹால் ரோடு, பழங்காநத்தம் பக்கம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.