ஜிஎஸ்டி ஒட்டு வீடியோ: இரட்டை வேடம் என்று எப்போது சொல்லலாம்?

திண்ணைவாசி:
இடப்பக்கம் 2014-க்கு முன் ஜிஎஸ்டியை எதிர்க்கும் பாஜககாரர், வலப்பக்கம் 2017-இல் கொண்டாடும் அவரே. காங்கிரஸை மாட்டிவிடும் வீடியோவும் உண்டு, வரிசை மட்டும் தலைகீழ். பகிர்வதற்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
எந்த மசோதாவைப் பற்றிய பேச்சு என்று முதலில் பாருங்கள். 2011 மார்ச்சில் வந்தது 115-வது அரசியல் சட்டத் திருத்த மசோதா. 2014-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. 2014 டிசம்பரில் வந்தது 122-வது. முன்னதில் தகராறு தீர்க்கத் தனி ஆணையம் இருந்தது, பின்னதில் இல்லை. மத்திய, மாநில அமைச்சர்கள் உட்காரும் ஜிஎஸ்டி கவுன்சிலின் முடிவு முன்னதில் ஒருமனதாக. பின்னதில் முக்கால் பங்கு வாக்கு, அதில் மத்திய அரசின் கையில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, டெல்லி தலையாட்டாமல் எதுவும் நிறைவேறாது!

அடுத்து, எதிர்த்தவர் அன்று சொன்ன காரணத்தை எழுதிக்கொள்ளுங்கள். அன்று பாஜக ஆண்ட, உற்பத்தி மாநிலமான குஜராத்தின் கவலை வருவாய் இழப்பு, வரி பொருளை நுகரும் மாநிலத்துக்குப் போய்விடுமே என்று. அதற்குப் பின்னால் 5 வருட இழப்பீடு வந்தது. காங்கிரஸ் கேட்டதில், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான 1% கூடுதல் வரி நீக்கம் கிடைத்தது, 18% உச்சவரம்பை அரசியல் சட்டத்தில் எழுதுவது கிடைக்கவில்லை. இருந்தும் 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் ஆதரித்தது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை, அதிமுக மட்டும் வெளிநடப்பு. காரணம் தீர்ந்த பிறகு மாறினால் அது மனமாற்றம். காரணம் அப்படியே கிடக்க, நாற்காலி மட்டும் மாறியிருந்தால் தாராளமாகத் திட்டுங்கள்.

முச்சந்தி:
இப்படித் தேடினால் எல்லாருக்கும் ஒரு சாக்கு கிடைத்துவிடும். பேச்சை விடுங்கள், வாக்கைப் பாருங்கள். 2012 டிசம்பர் 5, அன்றைய காங்கிரஸ் கூட்டணி அரசு அனுமதித்த சில்லறை வணிக அந்நிய முதலீட்டுக்கு எதிரான தீர்மானம் மக்களவையில் 218-க்கு 253 என்று தோற்றது. வித்தியாசம் 35. முதலீட்டை எதிர்த்துப் பேசிய சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வாக்கெடுப்புக்கு முன் வெளியே போய்விட்டன. இரண்டுக்கும் சேர்த்து நாற்பதுக்கு மேல் உறுப்பினர்கள். இது மனமாற்றமா?

கணக்குப்பிள்ளை:
இல்லை. அங்கே வெளிநடப்பே அரசுக்குப் போட்ட வாக்கு. திமுகவும் முதலீட்டை எதிர்த்தபடியே அரசுக்கு வாக்களித்தது, ஆனால் பாஜகவுக்கு உதவ மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டது. ஏற்கிறோமோ இல்லையோ, அது மறைத்துச் செய்ததல்ல.

ஒன்று மட்டும் கவனம். கொறடா உத்தரவு, அதாவது இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளை, இருந்தால் தனி எம்.பி.யின் வாக்கை வைத்து அவர் மனசை எடைபோடாதீர்கள். 1985-இல் அரசியல் சட்டத்தில் வந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித்தாவல் தடை), உத்தரவை மீறினால் பதவி போகலாம். குற்றச்சாட்டைக் கட்சி மேல் வையுங்கள்.

படச்சுருள்:
துண்டு வீடியோவுக்கு: முகமும் பின்னணியும் தெளிவாகத் தெரியும் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள், முழு நீள வீடியோ பெரும்பாலும் சிக்கும். வெட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் கேளுங்கள். "எதிர்க்கிறேன்" என்பதற்கு முன்னால் "இப்போதுள்ள வடிவத்தில்" என்று இருந்திருக்கலாம், அதைத்தான் கத்தரிப்பார்கள். அவைப் பேச்சென்றால் நாடாளுமன்ற இணையதளத்தில் தேதி போட்டுத் தேடினால் எழுத்து வடிவமே இருக்கிறது. யார் எப்படி வாக்களித்தார் என்ற பெயர்ப் பட்டியல் டிவிஷன் (ஒவ்வொருவர் வாக்கும் பதிவாகும் வாக்கெடுப்பு) கேட்டிருந்தால்தான் கிடைக்கும். குரல் வாக்கெடுப்புக்குப் பட்டியல் கிடையாது. "இவர் ஆதரித்தார்" என்று பெயர் போட்டு வந்தால் நம்பாதீர்கள்.

திண்ணைவாசி:
என்னிடம் இருப்பதில் தேதியே இல்லை. லென்ஸில் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.