பரண்பெட்டிக் காகிதங்களும் நம்ம தாராவி முடுக்கும்

சங்கத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் மும்பையிலிருந்து வணக்கம்.

போன வாரம் துபாயில் இருக்கும் நம்ம பிள்ளை ஒருத்தன், "பெரியம்மா, நம்ம முடுக்கு இன்னும் இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது. குடிசைகளை இடித்துப் புது வீடு கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024-ல் தாராவி முழுக்கக் கணக்கெடுப்பு தொடங்கியது. நம்ம கதவுகளிலும் எண் எழுதிவிட்டுப் போனார்கள். இடிக்க வருவதற்குள் உங்களிடம் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த ஒடுக்கமான சந்துக்கு மற்றவர்கள் இந்தியில் கல்லி என்பார்கள். நாம்தான் ஊர்ப் பேச்சை விடாமல் முடுக்கு என்றே சொல்லிவந்தோம். இடுப்பில் குடத்தோடு ஒருத்தி வந்தால், எதிரே வருகிறவர் ஏதாவது ஒரு வீட்டுப் படியில் ஏறி நின்றுதான் வழிவிட முடியும்.

இந்த இடமெல்லாம் மாகிம் உப்பங்கழி ஓரத்துச் சேறு. கோலி மீனவர்கள்தான் முதல் குடிகள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் கிடங்குகள் இங்கே வந்தன, அந்த வேலைக்கு நம்ம திருநெல்வேலிச் சீமை ஆட்கள் வந்தார்கள். பிள்ளையார் கோயில் 1913-ல் எழுந்தது, தமிழ்ப் பள்ளிக்கூடம் 1924-ல். நம்ம ஊர்க்காரர்கள் வந்தது அதற்கெல்லாம் வெகுநாள் கழித்து. குப்பையும் மண்ணும் கொட்டிச் சேற்றை மேடாக்கி, அதன்மேல் சாக்கும் தகரமும் வைத்து மறைத்ததுதான் முதல் வீடு என்று என் மாமனார் சொல்வார்.

1974-ல், கல்யாணமான மூன்றாம் மாதம், மெட்ராசில் ரயில் மாறி தாதரில் வந்து இறங்கினேன். அன்றைக்கு முடுக்கில் நின்று அண்ணாந்தால் வானம் தெரியும். 1976-ல் குடிசைகளைக் கணக்கெடுத்துப் படம் ஒட்டிய அட்டை கொடுத்தார்கள். அது கைக்கு வந்த பிறகுதான் நம்மாட்களுக்குச் செங்கல் வைக்கத் தைரியம் வந்தது. செங்கலுக்குப் பிறகு மாடி. மாடிக்கு ஏற வெளியே செங்குத்தாக இரும்பு ஏணி. ஏணிகளும் தண்ணீர்க் குழாய்களும் சேர்ந்து பாதையைத் தின்றன. இப்போது நண்பகலிலும் லைட் போட்டுத்தான் அரிசி பொறுக்குகிறேன்.

முடுக்குக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முகப்பில் இருந்த மளிகைக்கடை அண்ணாச்சியின் பேரை மேற்பார்வைக்குப் போட்டால் ஊர்க் கடிதாசி வந்து சேரும். காலியான பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார். எழுதத் தெரியாதவர்களுக்கு மணியார்டர் பாரம் எழுதிக் கொடுப்பதும் அவர்தான். நம்ம கீழத்தெரு ஓலைக்கூரைகள் ஓடாக மாறியது அந்தப் பாரங்களில்தான்.

இட்லியைப் பற்றிச் சொல்லாமல் இந்த முடுக்கைப் பற்றி எழுத முடியாது. ராத்திரி முழுக்க ஆட்டுரல் சத்தம்; கிரைண்டர் வந்தது பின்னால். விடியற்காலை மூன்றரைக்கு ஸ்டவ் பற்றவைத்தால், முடுக்கின் அந்தக் கோடி இந்தக் கோடி தெரியாமல் ஆவி கட்டிக்கொள்ளும். தூக்குகளில் இட்லியும் சட்னியும் நிரப்பி, முகப்புக்குத் தூக்கிப்போய் சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே ஆண்கள் கிளம்புவார்கள். சைக்கிள் உள்ளே வராது. எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், அந்த வீட்டு மாவைப் பக்கத்து வீட்டுக்காரி அவித்து அனுப்பிவிடுவாள். காசு அந்த வீட்டுக்குத்தான் போகும். நாற்பது வருஷத்தில் இதில் ஒரு தடவைகூடத் தகராறு வந்து நான் பார்த்ததில்லை.

பாடையும் உள்ளே வராது. என் மாமனார் இறந்தபோது நான்கு பேர் கைகளில் ஏந்தி, ஏணிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி முகப்புவரை கொண்டுபோனார்கள். அதற்கு முன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இருந்த குடத்தையும் செருப்பையும் பெண்கள் சொல்லாமலே உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். அந்த ஒரு காலை மட்டும் முடுக்கு அகலமாக இருந்தது போல எனக்கு நினைவு.

1993 ஜனவரிக் கலவரத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் முகப்பில் காவல் இருந்தவர்களில் நம்ம ஜில்லாவின் இந்துவும் உண்டு, முஸ்லிமும் உண்டு. 2005 ஜூலை 26 மழையில், கீழ்வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் மாடி வீட்டுக்காரர்கள் ஏணியிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

மாடியை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போதைய விதிப்படி 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்குத்தான் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு. மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான். எனக்கு இது நியாயமாகவே படவில்லை. ஊரிலிருந்து வேலை தேடி வந்த பையன்கள் எல்லாம் தங்கியது அந்த மாடிகளில்தானே? இதைப் படிக்கும் உங்களில் எத்தனையோ பேர் எட்டுப் பேராகப் படுத்து எழுந்த இடம் அது.

தரைத்தளத்திலும் பதினொரு வீட்டுக்காரர்களிடம் பழைய அத்தாட்சி இல்லை. பலதும் ஊரில் இருக்கிறது. திரும்பிப் போனவர்கள் டிரங்குப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்ப் பரணில் ஏற்றிவிட்டார்கள். 1976 அட்டை, பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில், வாக்காளர் பட்டியல் நகல், மளிகைக்கடை விலாசத்துக்கு வந்த கடித உறை, எதுவானாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செல்போனில் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள், அசலைப் பத்திரமாக வையுங்கள். கூடவே, நீங்கள் இருந்த வீடு முகப்பிலிருந்து எத்தனையாவது, எந்தப் பக்கம், எந்த வருஷம் வந்தீர்கள் என்று ஒரு வரி. வலது பக்க வரிசை முழுவதையும் நோட்டில் எழுதி முடித்துவிட்டேன். இடது பக்கம் ஐந்தாவது வீட்டுக்குப் பிறகு எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

அந்த ஐந்தாவது வீட்டு அக்கா ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மகன் குவைத்தில் இருப்பதாகக் கேள்வி. தம்பி, நீ இதைப் படித்தால் எழுது. உங்க அம்மா ஆட்டின உரலின் குழவி என் வீட்டு ஏணிக்கு அடியில்தான் இருக்கிறது.