நற்கருணையும் செபஸ்தியாரும் குயர் கவிதைக்குள்ள எதுக்கு?

கடைசிபெஞ்ச்: நேரா கேட்டுடறேன், கோவிச்சுக்காதீங்க. இப்ப எந்த குயர் (தன்பால் ஈர்ப்பு, பால்புதுமையினர்) கவிதையைத் தொறந்தாலும் பூசைல வாங்கற அப்பமான நற்கருணை, சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனம், அம்பு தைச்ச புனிதர் செபஸ்தியார். திருச்சபை சொல்றது பிடிக்கலைன்னா வெளிய போங்க, உங்க இஷ்டம், ஆனா போறப்ப பீடத்துல இருக்கறதையெல்லாம் ஏன் அள்ளிட்டுப் போறீங்க? உங்களுக்கு அது செட் ப்ராப்பர்ட்டி, நாங்க கும்பிடறோம்.

மெழுகுதிரி: நாங்க எங்கங்க போனோம்? நான் குயர்தான், ஞாயிறு பூசையும் விடறதில்ல. ஜெபமாலை கேட்டுக்கிட்டே பேசக் கத்துக்கிட்டவன் காதல் வந்தா மட்டும் வேற பாஷைக்கு எங்க போவான்? கத்தோலிக்கத் திருச்சபையோட மறைக்கல்வி நூல்ல 2357ம் பத்தில தன்பால் உறவுச் செயல்கள் ஒழுங்கு தவறினதுன்னு இருக்கு, அடுத்த 2358லயே எங்களை மரியாதையோட பரிவோட ஏத்துக்கணும்னு இருக்கு, இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுலதான் என் குடித்தனம்.

கடைசிபெஞ்ச்: 2359ஐ வசதியா விட்டுட்டீங்களே, கற்போட வாழ அழைப்புன்னு. ஆங்கிலக் கவிஞர் ஹாப்கின்ஸ் அதை வாழ்ந்தார். டைரில ஆண்களை ரசிச்சுப் பார்த்ததைக்கூட பாவக்கணக்குல எழுதி வச்சவர், 1868ல இயேசு சபைங்கற துறவற சபைக்குப் போக முடிவு பண்ணதும் எழுதினதை எரிச்சார். அந்த அடக்கம்தான் அந்த மொழி.

எக்ஸ்பீடச்சிறுவன்: குறுக்க வர்றேன். மனுஷன் 1889ல செத்தார், தொகுப்பு வந்தது 1918ல, அதுவும் ஃப்ரெண்டு பிரிட்ஜஸ் போட்டதால. கடைசி சானெட்டுகளைப் படிங்க, நடு ராத்திரி இருட்டுல முழிச்சுக்கிட்டு கடவுள்கிட்ட மல்லுக்கு நிக்கறார், இதையா அடக்கம்ங்கறீங்க? அப்புறம் சிலுவை யோவான், யாருக்கும் தெரியாம ராத்திரி காதலனைத் தேடிப் போற பொண்ணு குரல்ல எழுதின துறவி, அள்ளிட்டுப் போற வேலையை ஆரம்பிச்சதே புனிதருங்கதான் :)

கடைசிபெஞ்ச்: அது ஆன்மா பாஸ். உருவகம். பக்கத்து ரூம் ஆளைப் பத்தி அவர் எழுதல.

எக்ஸ்பீடச்சிறுவன்: சரி, இப்ப இருக்கறவரையே எடுப்போம். அயர்லாந்து கவிஞர் பாட்ரிக் ஓ டூமா, கே, கத்தோலிக்கரா வளர்ந்தவர், 2014லருந்து 2019 வரை வட அயர்லாந்துல கோரிமீலா சமாதானக் குழுவுக்குத் தலைவர். கவிதையும் எழுதறார், அங்க சேர்ந்து சொல்ல ஜெபமும் எழுதியிருக்கார். இவர் எதை அள்ளிட்டுப் போனார்?

மெழுகுதிரி: உருவகம்னாலும் அதுக்கு ஒரு உடம்பு வேண்டியிருந்துச்சே. நற்கருணை நேரத்துல "இது என் உடல்"னு வாரா வாரம் கேக்கறோம், சந்தேகப்பட்ட சீடர் தோமாகிட்ட காயத்துல கையை விடுன்னு சொன்ன சாமி நம்ம சாமி. ஆனா செபஸ்தியார் மேட்டர்ல கடைசிபெஞ்ச் சொல்றது கரெக்ட், எனக்கே சலிச்சுடுச்சு. மறுமலர்ச்சிக்கால ஓவியருங்க அழகான பையனா வரைஞ்சு வச்சாங்க, எல்லாரும் அம்புலயே நின்னுட்டாங்க. கதைப்படி அவர் அம்புல சாகவே இல்ல, ஐரீன்னு ஒரு விதவை தூக்கிட்டுப் போய் காயத்தை ஆத்தி பிழைக்க வைக்கறா, எந்திரிச்சு மறுபடி பேரரசன் முன்னாடியே போய் நிக்கறார், அப்புறம்தான் அடிச்சுக் கொல்றாங்க. தப்பிச்சவன் எதுக்குத் திரும்பிப் போனான்? ஒவ்வொரு ஞாயிறும் என்னை நானே கேக்கற கேள்வி அது.

கடைசிபெஞ்ச்: இதை எழுதலாமே.

மெழுகுதிரி: எழுதிட்டிருக்கேன். ஐரீன் கட்டுப் போடற இடத்துல மூணு மாசமா நிக்குது.

கடைசிபெஞ்ச்: முடிச்சா இங்க போடுங்க. திட்டறதுக்காவது படிப்பேன்.