தீவு உள்ளாட்சித் தேர்தல்: தண்ணீர், மின்சாரம், படகு வாக்குறுதிகளை எப்படி எடைபோடுவது?

கரைவலை:
சுமார் 2,000 பேர் வாழும் தீவு. மின்சாரம் முழுக்க டீசல் ஜெனரேட்டரில். தண்ணீர் பொதுக் கிணறுகளிலிருந்து. கோடையில் உப்புக் கரிக்கும். தேர்தலில் மூன்று அணிகள். ஒன்று, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டி 24 மணி நேரமும் தண்ணீர் தருவோம் என்கிறது. இரண்டாவது, வீட்டுக்கு வீடு போர்வெல். மூன்றாவது, முழுக்கச் சூரிய மின்சாரம், கட்டணம் பாதி. கூடுதல் படகு விடுவதாக எல்லோருமே சொல்கிறார்கள். வேட்பாளர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

குழாயடி:
ஆலையில் ஆரம்பிக்கலாம். ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் என்றால் 200 கன மீட்டர் வேண்டும். ஆலையின் உப்புக் கழிவுநீரோடு வெளியேறும் அழுத்தத்தைத் திரும்பப் பிடிக்கும் கருவி இருந்தால் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 4 யூனிட் போதும். இல்லாத சிறிய ஆலை 6, 7 யூனிட் இழுக்கும். 4 என்றே வைத்தாலும் தினம் 800 யூனிட். யூனிட்டுக்கு 0.28 லிட்டர் டீசல் என்று பார்த்தால் 224 லிட்டர். திறப்பு விழாவுக்குப் பிறகு இந்த டீசல் யார் கணக்கில் என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்தது கசிவு. குழாயில் 30 சதவீதம் ஒழுகினால், 200 கன மீட்டர் வீடு சேர 286 உற்பத்தி செய்தாக வேண்டும். டீசல் 320 லிட்டராகிவிடும். தினமும் 96 லிட்டர் வீண். கண்டுபிடிப்பது கடினமில்லை. மேல்நிலைத் தொட்டியின் வெளிக்குழாயில் மீட்டர் மாட்டி, இரவு 2 முதல் 4 மணி வரை ஓட்டத்தைக் குறியுங்கள். ஊர் தூங்கும்போது ஓடுவதில் பெரும்பகுதி கசிவு. பிறகு தெரு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடுங்கள். எதை மூடும்போது முள் சட்டென்று இறங்குகிறதோ, அந்தத் தெருவில் தோண்டலாம். ஆலைக்கு முன்னால் இதைச் செய்வோம் என்று சொல்லும் அணியை நான் நம்புவேன்.

ஆலைகள் படுத்துவிடுவதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணங்கள்தான். கரண்ட் போய் நின்றதும் மெம்பரேனை (உப்பைப் பிரிக்கும் சவ்வை) நல்ல தண்ணீரால் அலச வேண்டும். அலசாமல் விட்டால் உள்ளே தேங்கிய உப்புநீரால் படிவும் பாசிப் படலமும் பிடித்துக்கொள்ளும். நீண்ட நாள் நிறுத்தினால் கிருமி வளராமல் தடுக்கும் சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் ஊறவைக்க வேண்டும். உயர் அழுத்தக் குழாய்க்குச் சாதாரண 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் போட்டால் இணைப்புகளில் குழி விழும். உப்பரிப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் டூப்ளெக்ஸ் ரக ஸ்டீல் தேவை. 5 மைக்ரான் ஃபில்டர், பம்ப் சீல் எல்லாம் தீவிலேயே கையிருப்பில் இருக்க வேண்டும், படகு நிற்கும் மாதங்களுக்கும் சேர்த்து.

கிணற்றடி:
வீட்டுக்கு வீடு போர்வெல் என்பவர்களைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். சிறு தீவுகளில் மழைநீர் நிலத்தடியில் கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கைபென்–ஹெர்ட்ஸ்பெர்க் விகிதப்படி, கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி இருக்கும். அதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும்: மேல்மட்டம் 10 செ.மீ. இறங்கி அப்படியே நின்றால் உப்புநீர் காலப்போக்கில் 4 மீட்டர் மேலே வந்துவிடும். ஆழமாகத் தோண்டி வேகமாக இறைத்தால் குழாய்க்கு நேர்கீழே உப்பு கூம்பாக எழும்பும். ஒருமுறை ஏறிய உப்பை மழை கழுவி இறக்கப் பல பருவங்கள் பிடிக்கும். ஆழமில்லாத கிணறு, சின்ன மோட்டார், குறைந்த நேரம் இறைப்பு, இதுதான் வழி. கூரை மழைநீரையும் கேளுங்கள்: 100 சதுர மீட்டர் கூரையில் 1,000 மி.மீ. மழை பெய்தால், சேதாரம் போக 80,000 லிட்டர் சேரும்.

மின்கம்பம்:
சூரிய மின்சாரம் நல்லதுதான், ஆனால் சிக்கல் இரவு ஏழு மணிக்கு. பேட்டரி எத்தனை யூனிட், எத்தனை வருடத்தில் மாற்றுவீர்கள், அதற்கான பணம் கட்டணத்திலிருந்து எடுத்து வைக்கப்படுகிறதா? கட்டணத்தைப் பாதியாக்கினால் அந்த நிதி எங்கிருந்து வரும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

நண்பகலிலும் ஒரு பிரச்சினை உண்டு: பேனல் மின்சாரம் கூடக்கூட ஜெனரேட்டரின் சுமை இறங்கும். உதாரணமாக, 250 கிலோவாட் ஜெனரேட்டர் 75 கிலோவாட்டுக்குக் கீழே நீண்ட நேரம் ஓடக்கூடாது. ஓடினால் எரியாத டீசல் புகைக்குழாயில் கறுப்பு எண்ணெயாகக் கசியும், சிலிண்டர் சுவர் வழவழத்துப்போய் இன்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்கும். ஆகவே பேட்டரியோ பகல் சுமையோ (பகலில் மின்சாரம் இழுக்கும் வேலையோ) இல்லாமல் பேனல் மட்டும் கூட்டிக்கொண்டே போக முடியாது.

ஸ்காட்லாந்தின் எக் தீவு 2008இல் நீர், காற்று, சூரிய ஒளி மூன்றையும் சேர்த்துச் சொந்த மின்வலை அமைத்தது. வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட், தொழிலுக்கு 10 கிலோவாட் என்று உச்சவரம்பு வைத்தார்கள். டீசல் ஜெனரேட்டரையும் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். அப்படியொரு வரம்பைப் பற்றி உங்கள் வேட்பாளர் வாய் திறக்கிறாரா என்று பாருங்கள்.

நங்கூரம்:
படகுக்கு ஒரே கேள்வி: வழக்கமான படகு பழுதுபார்க்க உலர்துறைக்குப் போகும் வாரங்களில் மாற்றுப் படகு எது? நோயாளியை ஸ்ட்ரெச்சரோடு ஏற்ற முடியுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தகவல் தொடர்பையும் விடாதீர்கள். 2022 ஜனவரியில் எரிமலை வெடிப்பில் கடலடிக் கேபிள் அறுந்து, டோங்காவின் பிரதான தீவுக்கு அந்த இணைப்பு திரும்ப 5 வாரங்களுக்கு மேல் ஆனது. மாற்றுக்குச் செயற்கைக்கோள் இணைப்பு இருக்கிறதா?

கரைவலை:
மிக்க நன்றி. மின்கம்பம் சொன்ன பகல் சுமைக்குக் குடிநீர் ஆலையையே வைத்தால் என்ன?

குழாயடி:
வைக்கலாம், அளவோடு. 200 கன மீட்டரையும் வெயில் உள்ள 6 மணி நேரத்தில் எடுக்க, நாள் முழுக்க ஓடும் ஆலையைப் போல நான்கு மடங்கு கொள்ளளவு வேண்டும். மெம்பரேனுக்கும் அடிக்கடி நின்று ஓடுவது ஆகாது. ஆலையைத் தனித்தனியாக இயங்கும் இரண்டு வரிசையாகப் பிரியுங்கள். 100 கன மீட்டர் வரிசை நாள் முழுக்க 17 கிலோவாட்டில் ஓடட்டும். இன்னொரு 100 பகலில் மட்டும், சுமார் 67 கிலோவாட்டில். கூடவே 400 கன மீட்டர் தொட்டி கட்டினால் இரண்டு நாள் தண்ணீர் கையில் இருக்கும். தொட்டியை மூடியதாகக் கட்டச் சொல்லுங்கள்.