புதுப்பிப்பு: மாதவரம் வீட்டுத் தென்னையும் காண்டாமிருக வண்டும்

போன மாதம், எங்கள் தென்னையின் புதுக் குருத்து கத்திரியால் வெட்டியதுபோல விரிகிறது என்று எழுதியிருந்தேன். அது குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் வேலை என்று சொல்லி, அதை வாடையால் இழுத்துப் பிடிக்க ஆமணக்குப் புண்ணாக்கு வைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி!

1 கிலோ புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மண்பானையில் ஊற்றி வைத்தேன். மூன்றாம் நாள் புளித்த வாடை தூக்கியது. மறுநாள் காலையில் இரண்டு வண்டுகள் மிதந்தன: கருப்பு ஓடு, தலையில் கொம்பு, அடிவயிற்றில் செம்பட்டை முடி. இதுவரை பதினொன்று. வெயிலில் தண்ணீர் வற்றுகிறது, அடிக்கடி ஊற்ற வேண்டும்.

ஆனால் பானை மட்டும் போதாது. பக்கத்து மாட்டுக்கொட்டகைச் சாணக் குப்பையைக் கிளறினால், சுருண்ட வெள்ளைப் புழுக்கள் அவ்வளவு! வண்டு பிறப்பதே அங்கேதான். பால்கார அண்ணன் ஞாயிற்றுக்கிழமை குப்பையை அள்ளித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.