பேன் தொல்லை: சீப்பு போதுமா, லோஷன் வேண்டுமா?

இரட்டைச்சடை:
மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குத் தலையில் பேன். இடுப்பு வரை முடி, நல்ல அடர்த்தி. பள்ளிக்கூடத்தில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலேயே, "மருந்து போட்டு, ஈர் இல்லாமல் ஆன பிறகு அனுப்பவும்" என்று போட்டுவிட்டார்கள். பெயர் இல்லை, ஆனால் யாரென்று எல்லாருக்கும் தெரியும். இப்போது வீட்டில் இரண்டு கட்சி. பச்சைப்பிள்ளை தலையில் மருந்தா, பேன் சீப்பால் வாரினால் போதாதா என்கிறார் மாமியார். கணவர் பெர்மெத்ரின் 1% என்ற பேன் மருந்து லோஷன் வாங்கி வந்து மேசையில் வைத்திருக்கிறார். பாட்டிலை இன்னும் பிரிக்கவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திண்ணை அக்கா:
நானும் மாமியார் கட்சிதான். ஆனால் "வாரினால் போதும்" என்று சொல்வதில் பாதி விஷயம் விட்டுப்போகிறது. எந்தச் சீப்பு, எப்படி வாருவது, எத்தனை நாள் வாருவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஃபேன்சி ஸ்டோரில் தொங்கும் இருபக்கப் பிளாஸ்டிக் சீப்பு அடர்த்தியான முடியில் பல் விரிந்துகொடுக்கும், ஈர் நழுவிவிடும். பல் நீளமாக இருக்கும் ஸ்டீல் பேன் சீப்பு வாங்குங்கள். பல்லுக்குப் பல் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. தலைக்குக் குளிப்பாட்டி, ஈரத்தோடு கண்டிஷனரைத் தாராளமாகத் தடவுங்கள். முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுங்கள். அப்புறம் முடியைச் சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்து, பேன் சீப்பின் பல் மண்டைத்தோலைத் தொடும்படி வைத்து, நுனி வரை இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஈரமும் வழவழப்புமாக இருந்தால் பேனால் ஓட முடியாது.

மூன்று நாளைக்கு ஒரு தரம், இரண்டு வாரத்துக்குக் குறையக் கூடாது. ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆகும். பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டையிட மேலும் ஒன்பது பத்து நாள். அதற்குள் வாரி எடுத்துக்கொண்டே இருந்தால் அடுத்த தலைமுறை வராது. தலையில் ஒரு சொட்டு மருந்து வேண்டாம்.

கடைவீதி அண்ணாச்சி:
மருந்துக்கடை வைத்திருப்பவன், அதனால் லோஷன் விற்கத்தான் பேசுகிறேன் என்று சிலர் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். சீப்பும் என் கடையில்தான் விற்கிறது.

அக்கா சொல்லும் முறையில் தப்பில்லை. அதைக் கடைசி வரை செய்கிற வீடு எங்கே இருக்கிறது? இடுப்பு வரை முடியை இப்படிக் கற்றை கற்றையாக வார ஒரு மணி நேரம் ஆகும். பிள்ளை அழும், அம்மாவுக்கு வேலைக்கு நேரமாகும். வேல்ஸில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து இதையே சோதித்து, 2000இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். மாலத்தியான் என்ற இன்னொரு பேன் மருந்து லோஷன் போட்டவர்களில் 78% பேருக்குப் பேன் போனது. ஈரத்தலையில் வாரியவர்களில் 38% பேருக்குத்தான். பாதிக்குப் பாதிதான் அக்கா.

மொட்டைபோடு:
சமயபுரத்துக்கு ஒரு மொட்டை வேண்டிக்கொள்ளுங்கள். சீப்பும் மிச்சம், லோஷனும் மிச்சம்.

இரட்டைச்சடை:
தம்பி, ஆண்டு விழா நடனத்துக்கு முடி வளர்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களே வந்து அவளிடம் சொல்லுங்கள், நான் உள்ளே கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

திண்ணை அக்கா:
அண்ணாச்சி 2000உடன் நிறுத்திக்கொண்டார். 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்ததையும் சொல்லியிருக்கலாம். அங்கே 126 பிள்ளைகள். நல்ல பேன் சீப்பும் வாரும் முறையும் கொடுத்த வீடுகளில் 57% பேருக்குச் சரியானது. கடையில் கிடைக்கும் மருந்து போட்டவர்களில் 13% பேருக்குத்தான். இது பாதிக்குப் பாதி இல்லை, நாலு மடங்கு.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. அந்த மருந்துகளுக்குப் பேன் பழகிவிட்டது. பெர்மெத்ரின் பேனின் நரம்பில்தான் வேலை செய்கிறது. அந்த இடத்தில் மரபணு மாறிப்போன பேன்கள் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா எங்கும் இருக்கின்றன. ஸ்டீல் பல்லுக்கு எந்தப் பேனும் பழகப் போவதில்லை.

கடைவீதி அண்ணாச்சி:
சரி, 57 என்றே வைத்துக்கொள்வோம். நூறு பிள்ளைகளில் 43 பேர் தலையில் இன்னும் பேன் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதை ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ள நீங்கள் தேர்தலில் நிற்கவில்லை.

இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. எந்த ஊர்ப் பேன் எந்த மருந்துக்குப் பழகியிருக்கிறது என்பதைப் பொறுத்து மருந்தின் வெற்றி விகிதம் ஏறி இறங்குகிறது. ஒரு மருந்து தோற்றால் அடுத்த மருந்துக்குப் போக வேண்டும். டைமெத்திகோன் என்று சிலிக்கோன் எண்ணெய் வகை இருக்கிறது. அது விஷமே இல்லை, பேனை மேலே மூடி அமுக்கிக் கொல்கிறது. நரம்போடு அதற்கு வேலை கிடையாது, ஆகவே அந்தப் பழக்கம் இங்கே செல்லாது. அடங்காத பேனுக்கு ஐவர்மெக்டின் மாத்திரையைச் சோதித்து 2010இல் எழுதினார்கள். 95% பேருக்குத் தலை சுத்தமானது, அதே ஆய்வில் மாலத்தியானுக்கு 85%. அது மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டியது, 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று. "லோஷன் கேட்கவில்லை" என்று கடைக்கு வருபவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் எண்ணெய்த் தலையிலேயே போட்டிருப்பார்கள். நம் வீடுகளில் இதுதான் முதல் கோளாறு. ஷாம்பு போட்டு எண்ணெய் எடுத்து, துண்டால் ஒற்றிய ஈரத்தலையில் போட்டு, பத்து நிமிடம் வைத்து அலச வேண்டும். கண்டிஷனர் கூடவே கூடாது, மருந்து முடியில் ஒட்டாது. ஒன்பதாம் நாள் இன்னொரு தரம், ஏனென்றால் ஈர் முழுக்கச் சாவதில்லை. அந்த இரண்டாம் தரத்தை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். பழி லோஷன் மேல்.

கரிசல்மண்:
இரண்டு பேருமே கடைக்குத்தான் வழி காட்டுகிறீர்கள். சீத்தாப்பழ விதையைக் காயவைத்துப் பொடித்து, தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தலையில் தேய்த்து ஒரு மணி நேரம் வையுங்கள். பேன் பொலபொலவென்று உதிரும். எங்கள் பாட்டி காலத்து வைத்தியம். செலவே இல்லை.

கடைவீதி அண்ணாச்சி:
உதிரும். அதைச் சந்தேகிக்கவில்லை. அந்த விதையில் உள்ளதும் பூச்சியைக் கொல்லும் விஷம்தான், பாட்டி காலத்தது என்பதால் பால் ஆகிவிடாது. தலையிலிருந்து வழிந்து கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோல் உரிந்துபோகும். சீத்தாப்பழ விதையால் கண் சிவந்து, திறக்க முடியாமல் வந்தவர்களைப் பற்றி நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை ஒரு மணி நேரம் கண்ணைத் தேய்க்காமல் உட்காருமா?

திண்ணை அக்கா:
இதில் நான் அண்ணாச்சி பக்கம். மண்ணெண்ணெய் பற்றி யாராவது சொல்ல வந்தால், இப்போதே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். அடுப்படிக்குப் பக்கத்தில் தலை பற்றிக்கொண்ட கதைகள் போதும்.

கரிசல்மண்:
வேப்பெண்ணெயாவது விடுவீர்களா?

திண்ணை அக்கா:
தாராளமாக. வேப்பெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ, தடவிவிட்டு வாருங்கள். வேலை செய்வது சீப்புதான், பேர் எண்ணெய்க்குப் போகட்டும்.

பழங்கலம்:
சீப்புக் கட்சிக்கு ஒரு சாட்சி கொண்டுவந்திருக்கிறேன். இஸ்ரேலில் லாக்கிஷ் என்ற பழைய ஊரில் ஒரு தந்தச் சீப்பைத் தோண்டி எடுத்தார்கள். 3.5 சென்டிமீட்டருக்கு 2.5 சென்டிமீட்டர், அவ்வளவுதான். ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு தடித்த பல், மறுபக்கம் பேன் எடுக்க பதினான்கு மெல்லிய பல். அதன் மேல் கீறல் மாதிரி ஏதோ இருந்ததைப் பிறகுதான் கவனித்தார்கள். அந்தப் பகுதிக்கு அப்போது கானான் என்று பேர், அந்தக் கானானிய மொழியில் 17 எழுத்து, ஏழு சொல்: இந்தத் தந்தம் தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை வேரறுக்கட்டும். 2022இல் கட்டுரை வெளியானது. கி.மு. 1700ஐ ஒட்டியது என்கிறார்கள். அகரவரிசை எழுத்தில் இதுவரை கிடைத்த மிகப் பழைய முழு வாக்கியமே பேனைப் பற்றியதுதான்! பல்லிடுக்கில் இளம் பேனின் தோல்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. கானானில் அப்போது யானை கிடையாது. தந்தம் எகிப்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஆக, வசதியானவன் தலையிலும் பேன் இருந்திருக்கிறது. நம் கீழடியிலும் தந்தச் சீப்பு கிடைத்தது, அதில் எழுத்து ஏதும் இல்லை.

கடைவீதி அண்ணாச்சி:
அருமையான சாட்சி. 3,700 வருடமாக வாரியும் பேன் போகவில்லை என்பதற்கு.

மொட்டைபோடு:
அண்ணாச்சி 🔥🔥

திண்ணை அக்கா:
சிரிப்பு வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லோஷன் வந்தும் எழுபது எண்பது வருடம் ஆகிறது. அதனாலும் போகவில்லையே. அந்தக் காலத்தில் லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியைப் பிள்ளைகள் தலையில் தேய்த்தவர்களும் "இதுதான் அறிவியல்" என்றுதான் சொன்னார்கள். நரம்பைக் கெடுக்கிறது என்று கலிஃபோர்னியாவில் 2002இலிருந்து தடை.

சாக்பீஸ்:
தொடக்கப்பள்ளி ஆசிரியை. நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுங்கள், அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பற்றி நான் சொல்கிறேன். "ஈர் இல்லாமல் ஆன பிறகு அனுப்பவும்" என்பது தேவையில்லாத விதி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே பேனுக்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்தக் கூடாது என்கிறது. பேன் குதிக்காது, பறக்காது. தலையோடு தலை ஒட்டினால்தான் ஏறும். நாம் கண்டுபிடிக்கும்போது அது பல நாளாக அங்கே குடியிருக்கிறது. இன்றைக்கு ஒரு நாள் வீட்டில் நிறுத்தி என்ன தடுக்கப் போகிறோம்? தோலிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒட்டியிருக்கும் ஈர் பெரும்பாலும் வெறும் கூடு, அது பரவவும் பரவாது.

போர்வை, தலையணை, சோபா என்று வீட்டையே துவைத்துப் போட வேண்டாம். தலையை விட்டு இறங்கிய பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். கடைசியாகப் பயன்படுத்திய துண்டும் தலையணை உறையும் வெந்நீரில் போனால் போதும். ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவதில் சில பள்ளிகளை மிஞ்ச முடியாது.

கடைசிபெஞ்ச்:
டீச்சர், உங்களுக்குச் சொல்வது சுலபம். என் மகள் பக்கத்து இருக்கைப் பெண்ணிடமிருந்து திரும்பத் திரும்ப வாங்கி வருகிறாள். நான் வாரி முடிக்கிறேன், மறு வாரம் மறுபடியும் வந்து நிற்கிறது. அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னால், உன் பிள்ளையிடமிருந்துதான் வந்தது என்கிறார். பள்ளி கண்டிப்பாக இல்லாவிட்டால் சீப்பும் வீண், லோஷனும் வீண்.

சாக்பீஸ்:
கண்டிப்பு ஒரு பிள்ளை மேல் இருந்தால் பிரயோசனம் இல்லை. எல்லா வீட்டிலும் ஒரே நாளில் நடக்க வேண்டும். பிரிட்டனில் இதற்கென்றே நாள் குறித்திருக்கிறார்கள்: ஜனவரி 31, ஜூன் 15, அக்டோபர் 31. அன்றைக்கு எல்லாக் குடும்பமும் பிள்ளைகளின் ஈரத்தலையை வாரிப் பார்க்க வேண்டும். பேன் இருந்தால் வைத்தியம், இல்லாவிட்டால் அன்றோடு சரி. யார் தலை, யாரிடமிருந்து என்ற கேள்வியே வராது. எங்கள் வகுப்பில் ஒரு சனி ஞாயிறைச் சொல்லி இதையே செய்யச் சொன்னேன். எல்லாரும் செய்யவில்லை. ஆனால் அம்மாக்கள் முறைத்துக்கொள்வது நின்றது.

கடைவீதி அண்ணாச்சி:
இதில் எனக்கு மறுப்பில்லை. கண்டுபிடிக்க சீப்பை மிஞ்சியது கிடையாது. சும்மா வகிடெடுத்துக் கண்ணால் பார்ப்பதைவிட, சீப்பால் வாரிப் பார்த்தால் நாலு மடங்கு பேர் அகப்படுகிறார்கள் என்று இஸ்ரேலில் செய்து பார்த்திருக்கிறார்கள். உயிருள்ள பேன் ஒன்றாவது கண்ணில் படாமல் லோஷன் வாங்க வருபவரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒழிப்பதற்குச் சீப்பு மட்டும் போதும் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

திண்ணை அக்கா:
நான் ஏற்கிறேன், கை சலிக்காத வீடாக இருந்தால்.

இரட்டைச்சடை:
எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசி முடித்துவிட்டோம். முதல் இரண்டு வாரம் சீப்பு, நடுவில் எண்ணெய். மாமியாருக்குக் கண் புரை, பேன் தெரியாது. எனக்கு மாலை ஷிஃப்ட். அதனால் வாரப்போவது லோஷன் வாங்கி வந்தவர்தான். ஸ்டீல் சீப்பு ஆர்டர் போட்டாயிற்று.

திண்ணை அக்கா:
அவரிடம் சொல்லுங்கள், உச்சியிலேயே நேரத்தை வீணாக்க வேண்டாம். பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் தொடங்கட்டும், அங்கேதான் கூட்டம். முடிந்ததும் சீப்பைப் பத்து நிமிடம் நல்ல வெந்நீரில் போடச் சொல்லுங்கள். வீட்டில் எல்லார் தலையையும் அன்றே பார்த்துவிட வேண்டும், அவர் தலை உட்பட.

கடைவீதி அண்ணாச்சி:
மூன்றாவது தரம் வாரும்போதே அவர் அந்தப் பாட்டிலைத் தேடுவார். இப்போதே காலாவதித் தேதியைப் பார்த்து வையுங்கள். பிரிப்பதானால் அன்றைக்குக் கண்டிஷனரும் எண்ணெயும் கிடையாது, மறந்துவிடாதீர்கள்.