மறுமொழி: மாலைமாற்றுப் பகா எண் – அடிமானத்தையும் சேர்த்துச் சொல்வோம்

குழுவினருக்கு வணக்கம். திருப்பிப் படித்தாலும் மாறாத பகா எண்ணை (palindromic prime) 'மாலைமாற்றுப் பகா எண்' என்று சொல்வது பற்றி இப்படி ஒரு கேள்வி வந்தது:

> மாலைமாற்று என்பது செய்யுள் இலக்கணச் சொல். கணக்கில் அது எதற்கு? 'திருப்புப் பகா எண்' போதுமே.

போதாது ஐயா. 13ஐத் திருப்பினால் 31 வரும். இரண்டும் பகா எண்தான், ஆனால் வெவ்வேறு எண்கள். 131ஐத் திருப்பினால் அதே 131. 'திருப்பு' என்பதை 13, 31 போன்ற சோடிகளுக்கு விட்டுவிடுவோம். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாததற்கு, சம்பந்தர் பாடிய காலம் தொட்டு நம்மிடம் மாலைமாற்று இருக்கிறது. அங்கே எழுத்தெழுத்தாகத் திருப்புகிறோம், இங்கே இலக்கம் இலக்கமாக. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பலகையில் 'விகடகவி' என்று எழுதினால் போதும், பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் 101, 131, 151 என்று அவர்களே தேடத் தொடங்கிவிடுவார்கள். நான்கு இலக்கத்துக்கு வந்ததும் ஒன்றுகூடச் சிக்காது. 3773ஐப் பாருங்கள். முதல் இடமும் மூன்றாம் இடமும் கூட்டினால் 10, மற்ற இரண்டும் கூட்டினால் 10. இப்படிச் சமமாக வந்தால் 11ஆல் மீதியின்றி வகுபடும். மாலைமாற்றில் இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தாலே இந்தக் கதிதான். அதனால் அந்தக் கூட்டத்தில் 11 ஒன்றே பகா எண். இதைத் தாங்களாகவே கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

சரி, அடிமானத்துக்கு, அதாவது எத்தனை இலக்கங்களைக் கொண்டு எண்ணை எழுதுகிறோம் என்பதற்கு வருகிறேன். ஓர் எண்ணை எந்த முறையில் எழுதினாலும் அதன் பகாத்தன்மை மாறாது. மாலைமாற்று அப்படியில்லை, எழுதும் முறையைப் பொறுத்தது. 2024 அக்டோபரில் பலருடைய கணினிகளைச் சேர்த்துப் பெரிய பகா எண்களைத் தேடும் ஜிம்ப்ஸ் (GIMPS) திட்டத்தின் வழியாக லூக் டுரான்ட் கண்டுபிடித்த மாபெரும் பகா எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 2இன் 13,62,79,841ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் அது வரும். பதின்ம முறையில் 4,10,24,320 இலக்கங்கள். 8இல் தொடங்கி 1இல் முடிகிறது, ஆகவே மாலைமாற்று இல்லை. 0, 1 இரண்டை மட்டும் கொண்ட இருநிலை முறையில் எழுதினாலோ 1 தவிர வேறு இலக்கமே கிடையாது, 13,62,79,841 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். இப்படி 2இன் ஓர் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் மெர்சென் பகா எண்கள் எல்லாமே இப்படித்தான்: 7 என்பது 111, 31 என்பது 11111.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது எளிது. 'மலையாளம்' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதித் திருப்பிப் படித்தால் அதே பெயர் வரும், மலையாள எழுத்தில் எழுதினால் வராது.

ஆகவே என் முன்மொழிவு: 'பதின்ம மாலைமாற்றுப் பகா எண்', 'இருநிலை மாலைமாற்றுப் பகா எண்' என்று முன்னொட்டோடு சொல்வோம். முன்னொட்டு இல்லாத இடத்தில் பதின்மம் என்றே கொள்ளலாம். எடுத்துக்காட்டாக 313ஐப் போடுங்கள். இருநிலையில் அது 100111001, இரண்டு வகையிலும் சேரும். 'இருநிலை' என்பதற்குப் பதில் 'ஈரடிமான' வேண்டும் என்பவர்கள் சொல்லுங்கள், எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. மாலைமாற்றை மட்டும் விட்டுவிட வேண்டாம்.